பாதையில் விழுந்த மரம்

அப்பாவின் காட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்ததிலிருந்து அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்ல மரமெல்லாம் அவன் பக்கம் போய்விட்டதென்பது அவள் குறை. புயலடித்த மறுநாள் அவன் பக்கத்து மரமொன்று அவளுடைய வண்டிப் பாதையில் குறுக்கே கிடந்தது. அவனிடம் போய் நிற்பதா என்று மோட்டார் ரம்பத்தை எடுத்து அவளே அறுக்கத் தொடங்கினாள். பாதி அறுப்பதற்குள் மரம் அமுங்கி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள்; அசையவில்லை. வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் செய்தாள்.

அவன் சம்மட்டியும் ஆப்பும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

“தனியாவா அறுத்த? உருண்டிருந்தா என்னக்கா ஆகியிருக்கும்?”

“உன் மரம் உன்னை மாதிரியே பிடிவாதம் பிடிக்குதுடா.”

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெட்டுக்குள் ஆப்பை வைத்து அடித்தான். வெட்டு விரிந்ததும் அவள் ரம்பத்தை உருவினாள். அதை அவளிடமிருந்து வாங்கி, மிச்சத்தை அவனே அறுத்தான். துண்டுகளை இருவருமாக உருட்டி ஓரங்கட்டினார்கள்.

கிளம்பும்போது அவன் நின்றான். “உன் பக்கம் ரெண்டு மரம் சாஞ்சு நிக்குது. நாளைக்கு வரவா?”

“காலையிலேயே வா. சாப்பாடு நம்ம வீட்டுல,” என்றாள் அக்கா.