ஒன்றைவிட இரண்டு பெரிது

பல்கலைக்கழகத்தில் ரிசல்ட் ஒட்டிய அன்று எசோசா வீட்டுக்கு வந்து, "டூ-டூ" என்றாள். அம்மா முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"பக்கத்துத் தையல்காரி மகன் என்ன வாங்கினான்?"

"டூ-ஒன்."

அவ்வளவுதான். பெனின் நகரத்து அந்தத் தெருவே எட்டிப் பார்க்கும்படி அம்மா குலவையிட்டாள். "ஒன்னைவிட ரெண்டு பெருசுடி! என் மக அவனைத் தூக்கிச் சாப்பிட்டுட்டா!" என்று ஆடினாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வளர்த்த சேவல் அன்றைக்கே குழம்பாகிவிட்டது.

இரண்டாம் வகுப்பில் மேல்படிக்குப் பெயர் டூ-ஒன், கீழ்ப்படிக்கு டூ-டூ. இப்படிப் பெயர் வைத்தவன் எவனோ, அவனே வந்து அம்மாவிடம் விளக்கிச் சொல்லட்டும். எசோசா வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். திறந்த வாயால் சேவல் தொடையைக் கடித்தாள்.

தையல்காரி அடுத்த மாதமே பேங்க் வேலை கிடைத்த மகனோடு லாகோஸ் போய்விட்டாள், இல்லாவிட்டால் குட்டு அப்போதே உடைந்திருக்கும். அம்மாவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்தவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. ஆனால் "என் மக டூ-டூவாக்கும்" என்று சொல்லும்போது அம்மா தட்டில் ஒரு இறைச்சித் துண்டு கூடப் போடுவாள். யாருக்கு என்ன பைத்தியமா, திருத்துவதற்கு?

பட்டதாரிகள் கட்டாயம் செய்தாக வேண்டிய ஓராண்டு நாட்டுச் சேவை முடிந்தது. அதன் பிறகுதான் சனியன் பிடித்தது. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் 'குறைந்தது டூ-ஒன்' என்றிருந்தது. எசோசா விண்ணப்பத்தை கம்ப்யூட்டரில் நிரப்புவாள், வகுப்பு என்ற கட்டத்தில் டூ-டூவைத் தொடுவாள், அடுத்த நொடியே 'வருந்துகிறோம்' என்று வரும். ஒரு மனுஷன் கண் அவள் பெயரைப் பார்த்திருக்காது. ஐந்துக்கு மூன்றரை எடுத்தால் டூ-ஒன். அவள் எடுத்தது மூன்று புள்ளி நாலு ஏழு. அந்தத் துளிக்குத்தான் இத்தனை பாடு.

அம்மாவுக்கோ கணக்கு இடித்தது. "குறைஞ்சது ஒன்னுங்கிறான், நம்மகிட்ட ரெண்டு இருக்கு, அப்புறம் என்ன கேடு? யாரோ கண்ணு வச்சிருக்காங்க." கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் செய்யும் பேய் என்று பாஸ்டர் கண்டுபிடித்துச் சொன்னார். அதை விரட்ட அம்மா புதன்தோறும் பட்டினி கிடந்தாள். நாள் முழுக்க அடுப்படியில் நின்று ஊருக்கே இடித்த கிழங்கும் கறுப்புக் குழம்பும் பரிமாறிவிட்டு, தான் மட்டும் தண்ணீர் குடித்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எசோசா உண்மையைச் சொல்லிவிட வாயெடுப்பாள். யாராவது சாப்பிட வந்துவிடுவார்கள்.

அன்றும் புதன்தான். அகேடோ சாப்பிட வந்தார். குளிர்பானக் கம்பெனியில் இந்த வட்டாரத்து மேனேஜர், பல வருஷ வாடிக்கை. முந்தின நாள் எசோசாவுக்கு 'வருந்துகிறோம்' என்று சொன்னது அவருடைய கம்பெனிதான். அம்மாவுக்கு அது தெரியும். எசோசா ஓடிப்போய்த் தானே பரிமாறப் பார்த்தாள். அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஓகா, மேனேஜர் ஐயா, என் குழம்பைத் தின்னு தின்னுதானே இந்தத் தொப்பை வந்துச்சு? உங்க கம்பெனிக்கு என் புள்ளை மட்டும் கசக்குதோ?"

"என்ன மம்மி, என்ன ஆச்சு?"

"டூ-ஒன் வேணும்னு போடுறீங்க. டூ-டூவே வந்து நிக்குது, போன்னுட்டீங்க. ரொம்பப் படிச்சவளைக் கண்டா பயமா?"

கடையில் மென்று கொண்டிருந்த வாய்களெல்லாம் நின்றன. மூலையில் ஒருவன் 'க்ளுக்' என்றான். அகேடோ எசோசாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். நல்ல மனுஷன், புரிந்துகொண்டார்.

"அது வந்து மம்மி... அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்சம் லூசு. கூட இருந்தாலும் தள்ளிடும்."

"அப்படியா சங்கதி? நாளைக்கே லாகோஸுக்கு பஸ் ஏறுறேன். உங்க ஹெட் ஆபீஸ்ல சர்டிபிகேட்டை நீட்டி, ஒன்னு பெருசா ரெண்டு பெருசான்னு கேக்குறேன்."

சொன்னால் செய்கிறவள் அம்மா. கண்ணாடிக் கதவு, உள்ளே நகம் தீட்டிய பெண்கள், நடுவில் குழம்புக் கறை படிந்த துணி கட்டிய அம்மா நின்று கேட்கிறாள், அவர்கள் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். எசோசாவால் அந்த நினைப்பை மட்டும் தாங்க முடியவில்லை.

"ஒன்னுதாம்மா பெருசு."

"என்ன உளர்ற?"

"டூ-ஒன் மேல. டூ-டூ கீழம்மா. தையல்காரி மகன்தான் அன்னைக்கு ஜெயிச்சான். நான் சொல்லல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் பேசாமல் நின்று அந்தக் கடை பார்த்ததில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அகேடோதான் தொண்டையைச் செருமினார். "நீ எழுதிப்போட்ட ட்ரெய்னி வேலை என் கையில இல்ல எசோசா, பொய் சொல்ல மாட்டேன். டிப்போவுல சரக்குக் கணக்கு பாக்க ஆள் வேணும், அது என் கையில இருக்கு. அந்த ட்ரெய்னிங்க செய்யுற அதே வேலைதான். சம்பளம் பாதி."

"பாதியா?" என்று சீறினாள் அம்மா. அந்தக் குரல் திரும்பியதில் எசோசாவுக்கு உயிர் வந்தது.

"ரெண்டு மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா, அப்புறம் என்ன வேலை பாத்தேன்னுதான் கேப்பாங்க. கிளாஸை எவனும் கேக்க மாட்டான். அதுவரைக்கும்தான் இந்த அநியாயம்."

"வரேன் சார்," என்றாள் எசோசா.

கூட்டம் கலைந்ததும் அம்மா இரண்டு தட்டு எடுத்தாள். இரண்டிலும் கிழங்கு வைத்துக் குழம்பை ஊற்றினாள்.

"அம்மா, இன்னைக்குப் புதன்."

"தெரியும். 'ரெண்டு இருந்தும் ஏன் எடுக்கல'ன்னு வாராவாரம் கேட்டிருக்கேன். கடவுள் தலையைச் சொறிஞ்சிருப்பார் பாவம். உக்காரு." ஒரு வாய் விழுங்கிவிட்டுக் கேட்டாள். "எவ்வளவுல போச்சு?"

எசோசா சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டினாள். அம்மாவின் கண் நிறைந்தது, கோபமும் வந்தது.

"இத்தனூண்டுக்கா? இதுக்காடி இவ்வளவு நாள் என்னைப் பாத்துப் பயந்த?"

"நீ அன்னைக்கு அவ்வளவு சந்தோஷமா ஆடினியேம்மா. சேவலை வேற அடிச்சிட்ட."

அம்மா தன் தட்டிலிருந்த இறைச்சியை எடுத்து மகளின் தட்டில் வைத்தாள்.

"பைத்தியக்காரி. நீ உண்மையைச் சொல்லியிருந்தாலும் அந்தச் சேவல் அன்னைக்குச் செத்துத்தான் இருக்கும்."