மந்திரியின் மூட்டுத் தூள்

“அப்போ நாலு வருஷமா நான் அவனுக்குக் கொடுத்தது வெறும் மாவா?”

“வெறும் மாவுன்னு நான் சொல்லவே இல்லையே. மாவு, சர்க்கரைப்பாகுத் தூள், ஆப்பிள் வாசனை. இதெல்லாம் உக்காந்தது போக மிச்சம் இருக்கற இடத்துல மருந்து நின்னுட்டு வருது.”

“டப்பாவுல குதிரை வேலி தாண்டற மாதிரி படம் போட்டிருக்கு, அண்ணி.”

“அந்தக் குதிரைக்கு மூட்டு நல்லா இருக்கு, தாண்டுது. வலி நம்மாளுக்குத்தானே.”

வாயிலிருந்த டீ வெளியே வந்துவிடாமல் உதட்டை இறுக்கிக்கொண்டு அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மஞ்சள் டப்பாவைத் தேர்ந்தெடுத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை அது. சாப்பாட்டு மேஜைமேல் ஐந்து டப்பாக்கள், மூன்று காகித உறைகள், சமையலறைத் தராசு, அண்ணியின் நோட்டு. அண்ணி ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். எட்டு மாதம் முன்புதான் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த வீட்டுக்கு வந்தாள். பொடி எழுத்தில் எது இருந்தாலும் விடமாட்டாள். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைக்கூடக் கதைப்புத்தகம் மாதிரி கடைசி வரி வரை படிப்பாள்.

வீட்டுக்குப் பின்னால்தான் அண்ணன் நடத்தும் குதிரையேற்றப் பள்ளி. ஆறு குதிரைகள். தீவனம் கலப்பது, லாயம் கூட்டுவது, குளம்பு சுத்தம் செய்வது எல்லாம் என் வேலை. ஆறில் மூத்தவன் மந்திரி. எதைச் சொன்னாலும் தலையாட்டுவான், எதையும் செய்யமாட்டான் என்று அண்ணன் வைத்த பெயர். வயது இருபத்திரண்டு. அதில் பதினொரு வருஷம் என் கையால் சாப்பிட்டவன். பின்னங்கால் மூட்டுகள் இரண்டிலும் வாதம் வந்து, குழந்தைகளை ஏற்றுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிவிட்டது.

டாக்டர் போன வாரம் வந்தபோது சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். “மூட்டுக்கு நல்ல தூளா ஒண்ணு பாத்துப் போடுங்க. சில குதிரைக்குக் கேக்கும், சிலதுக்குக் கேக்காது. மூணு மாசம் பாக்கலாம். கேக்கலன்னா தினமும் வலி மாத்திரைதான். அவன் வயிறு அதத் தாங்குமான்னு எனக்கே சந்தேகம்.”

அதனால்தான் மேஜைமேல் இத்தனை டப்பாக்கள்.

“அவன் எடை எவ்ளோ?” அண்ணி நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்.

“நானூத்தி எண்பது கிலோ.”

“எப்படி டக்குனு சொல்ற?”

“மாசா மாசம் நெஞ்சுச் சுத்தளவ டேப் வெச்சு அளந்து எடைக் கணக்குப் போடறேன்ல.”

“என் எடை என்னன்னு கேளு, தெரியாது அவளுக்கு,” என்றான் அண்ணன்.

“உனக்கு டேப் பத்தாதுண்ணா.”

அண்ணி சிரித்துக்கொண்டே அளவுக் கரண்டியைத் தராசில் வைத்து, தூளை நிறுத்து, வகுத்து, எழுதினாள். ஒரு கரண்டியில் மூட்டுக்கான மருந்து குளுக்கோசமைன் இத்தனை கிராம், இவ்வளவு எடைக்கு இத்தனை தேவை என்று வரிசையாகக் கோடு போட்டாள். நான்கு டப்பாக்கள் மேஜையின் மறுபக்கத்துக்குப் போயின. எந்த வாசனையும் இனிப்பும் சேர்க்காத, படமே இல்லாத வெள்ளை டப்பா ஒன்று மட்டும் நடுவில் நின்றது. பிறகு மூலிகைகளுக்கு வந்தாள்.

“இந்தக் கசப்பு வேர் வலிக்கு ரொம்ப நல்லதுன்னு எல்லாரும் எழுதியிருக்காங்க.”

“வேண்டாம் அண்ணி. ரெண்டு வருஷம் முன்னாடி அவனுக்கு வயித்துல புண் இருந்துச்சு.”

பேனா நின்றது. “நல்ல வேளை சொன்ன. வயித்துல புண் வந்தவங்களுக்கு இது ஆகவே ஆகாது.” அந்த வரியை அடித்துவிட்டாள். அன்று காலை முழுவதும் நான் சரியாக மூச்சுவிட்ட இடம் அது ஒன்றுதான். கடைசியில் வெள்ளை டப்பாவும் குங்கிலியப் பிசின் பொடியும் நிலைத்தன. டாக்டரிடம் போனில் கேட்டு அவரும் சரி என்றார். என் மஞ்சள் டப்பாவை அண்ணி குப்பையில் போடவில்லை. அலமாரிமேல் ஓரமாக எடுத்து வைத்தாள். போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன்.

ஆறு வாரம் நானே கலந்தேன். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். ஒருநாள்கூடத் தவறவில்லை. ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம், வேலிக்கதவைத் திறந்துவிட்டதும் மந்திரி புல்வெளியின் மறுகோடி வரை தானாக ஓடினான். பெரிய ஓட்டம் இல்லை. ஆனால் நான்கு குளம்பும் ஒரே அளவாக விழுந்தன. கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். ஒரு வருஷமாக நொண்டிக்கொண்டிருந்த பாட்டு ஒன்று திடீரென்று தாளத்தில் சேர்ந்துகொண்டது போல இருந்தது.

“ஏய், உன் அண்ணி கில்லாடிடி!” என்று அண்ணன் வேலியைத் தட்டினான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களிடம் அண்ணன் சொன்னான், லாடம் அடிக்க வந்தவரிடம் சொன்னான், போனில் சித்தப்பாவிடம் சொன்னான். “என் வீட்டுக்காரி மேஜையில உக்காந்தே குதிரையக் குணமாக்கிட்டா.” அண்ணி மட்டும் ஒவ்வொரு முறையும் குறுக்கே வந்தாள். “நான் என்ன பண்ணேன்? கலந்து கொடுக்கறதெல்லாம் இவதான். அந்த வேர் வேண்டாம்னு சொன்னதும் இவதான்.” அவள் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் வயிறு எரிந்தது. எடுத்துக்கொண்டதை ஒருத்தி எடுத்துக்கொண்டதாகவே ஒப்புக்கொண்டால் சண்டையாவது போடலாம். திருப்பித் திருப்பி நம் கையிலேயே கொடுப்பவளை என்ன செய்வது?

அதையும் பொறுத்திருப்பேன். அவளுடைய ஸ்கூட்டர் சத்தத்தை மந்திரி கற்றுக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும். நான் அவன் பக்கத்திலேயே நின்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். என் கைக்கடியிலேயே அவன் காது இரண்டும் தெருப்பக்கம் திரும்பும். பிறகு கனைப்பான். எனக்கு அவன் கனைத்ததே இல்லை. நான் எப்போதும் அங்கேயே இருந்தேன், என்னை எதற்குக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிப்பார்த்தேன். அது நல்ல பதில்தான். ஆனால் தன்னை ராணி என்று நினைத்திருந்தவளிடம் நீ தாதிதான் என்று சொல்லித் தேற்றுவது மாதிரி இருந்தது.

ஒருநாள் அண்ணி ஆஸ்பத்திரி உடுப்போடு நேராக லாயத்துக்கு வந்து நின்றாள். மந்திரி தலையை இறக்கி, நெற்றியை அவள் விலா எலும்பில் வைத்து, கண்ணைப் பாதி மூடினான்.

“பாரேன், என்மேல சாஞ்சு தூங்கறான்!” என்றாள் குழந்தை மாதிரி.

“உங்க மருந்து வாசனைக்கு மயங்கிட்டான்,” என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பதினொரு வருஷத்தில் அந்தச் சாய்வை அவன் என்னைத் தவிர வேறு யாருக்கும் கொடுத்ததில்லை. அது என் விலா எலும்புக்கென்று அளவெடுத்துச் செய்தது என்றுதான் நம்பியிருந்தேன்.

மறுநாள் காலை நறுக்கிய வைக்கோலையும் தவிட்டையும் வாளியில் கொட்டி, வெள்ளைத் தூளையும் பிசின் பொடியையும் அளந்து போட்டேன். குழாய் வரை போனேன். திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, வாளியை அப்படியே அவன்முன் வைத்தேன்.

தூள் போட்ட தீவனத்தில் இரண்டு கை தண்ணீர் தெளித்துப் பிசைய வேண்டும். அது எந்த டப்பாவிலும் எழுதியிருக்காது. காய்ந்த தீவனத்தில் தூள் ஒட்டாமல் சலித்துச் சலித்து அடியில் இறங்கிவிடும். குதிரையின் மேலுதடு நம் விரலைவிடச் சாமர்த்தியமானது. வைக்கோலை, தவிட்டை, ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கிக்கொண்டு, பிடிக்காத தூளை அடியில் விட்டுவிடும். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கும் மனிதர்களுக்கு மருந்து கொடுத்துப் பழகிய அண்ணிக்கு இது எப்படித் தெரியும்? அவளிடம் நான் சொன்னதில்லை. அவள் கேட்டதும் இல்லை.

வாளியின் அடியில் மெல்லிய மாவு போல அது படிந்திருந்தது. இப்போது குழாயைத் திறந்து வாளியைக் கழுவினேன். லாயத்துக் கரும்பலகையில் மந்திரி என்ற பெயருக்கு நேராகக் காலைக் கட்டத்தில் சரி என்று குறி போட்டேன். பொய் இல்லையே, கொடுத்தாயிற்றே. காய்ந்தபடி கொடுத்தாயா, நனைத்துக் கொடுத்தாயா என்று பலகை கேட்காது.

ஒரு நாள்தான் என்று நினைத்தேன். பிறகு ஒரு வாரம். அவளுடைய தூள் ஒன்றுமே இல்லை, வெயில் நாட்களில் அவன் தானாகவே தேறினான் என்று தெரிந்துவிட்டால் போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். காய்ந்த தீவனம் வைக்கத் தொடங்கிய நான்காவது வாரம் குளம்புச் சத்தம் மாறியது. மூன்று ஒலி, ஒரு இழுப்பு. மூன்று ஒலி, ஒரு இழுப்பு. காலையில் லாயத்திலிருந்து வெளியே வர முதல் அடி வைக்கவே நேரம் எடுத்துக்கொண்டான். அன்று சாயங்காலம் தண்ணீர் தெளிக்கப் போனேன். அப்போது அண்ணனும் அண்ணியும் லாய வாசலில் நின்றிருந்தார்கள்.

“தூளோட வீரம் அவ்ளோதானா?” என்று அண்ணன் கேலிக்குத்தான் கேட்டான். அண்ணியின் முகம் சுருங்கிப்போனது. எத்தனை வாரமாக நான் அந்த முகத்தைப் பார்க்கக் காத்திருந்தேன். அவ்வளவு இனிப்பாக இருந்தது. வாளியைத் தண்ணீர் இல்லாமலே கொண்டுபோனேன்.

மூன்றாவது மாதம் முடிந்து டாக்டர் வந்தார். மந்திரியைக் கயிற்றில் பிடித்துச் சிமெண்டுத் தரையில் போகவும் வரவும் ஓட்டிக்காட்டச் சொன்னார். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் ஓடுகிறவளின் காதுக்குத்தான் நொண்டல் முதலில் தெரியும். திரும்பும்போது அவன் கால் மடங்கி, என் தோளில் ஒரு கணம் முழுப் பாரத்தையும் போட்டான்.

“போதும், போதும், நிறுத்தும்மா,” என்றார் டாக்டர். “நடுவுல நல்லா இருந்ததா சொன்னீங்களே?”

“ஏழாவது வாரம் பறந்தான் டாக்டர்,” என்றான் அண்ணன்.

“தூள ஒழுங்கா சாப்பிட்டானா?”

“என் தங்கச்சி கொடுத்தா ஒரு வேளை தவறாது. பலகையப் பாருங்க.”

டாக்டர் பலகையைப் பார்த்தார். எல்லாக் கட்டத்திலும் சரிக் குறி. “அப்போ இவனுக்கு இது கேக்கல. கேட்ட மாதிரி இருந்தது வெயிலாலயா இருக்கும். வலி மாத்திரைய நாளைக்கு ஆரம்பிச்சிடலாம். வயித்துக்குத் துணை மருந்தும் தரேன். மறுபடி புண் வந்துச்சுன்னா மேற்கொண்டு நம்ம கையில இல்ல.”

அண்ணன் அவரை வண்டி வரை விடப்போனான். நான் மந்திரியை லாயத்துக்குள் கொண்டுவந்து தலைக்கயிற்றை அவிழ்த்தேன். அண்ணி வந்து கதவில் சாய்ந்து நின்றாள். இந்த முறை அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. வலிக்கும் காலைத் தூக்கி நுனிக்குளம்பில் நிறுத்தி, நெற்றியை என் விலா எலும்பில் வைத்துச் சாய்ந்தான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சூடான மூச்சு என் சட்டையை நனைத்தது. அசையாமல் நின்றேன்.

“இனிமே நான் தலையிடல,” என்றாள் அண்ணி. “உன் குதிரைய நீ நல்லாத்தான் பாத்துட்டு இருந்த. நான் வந்து புத்தகத்தப் பாத்துக்கிட்டு என்னமோ மேதாவி மாதிரி...”

“அப்படில்லாம் இல்ல, அண்ணி.”

“இல்லம்மா, அப்படித்தான். உன் மஞ்சள் டப்பாவயும் கிண்டல் பண்ணிட்டேன். அந்த வெள்ளை டப்பாவ இன்னைக்கே எடுத்துடறேன். யாருக்காவது கொடுத்துடலாம்.” நோட்டை விரித்தாள். எடை, கிராம், நாள் என்று கோடு கோடாக எழுதியிருந்த பக்கங்கள். ராத்திரி பகலாக அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள், ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. “பத்துத் தடவ பாத்துட்டேன். அளவு சரி. எடைக்கும் சரி. மூலிகைக்கும் தூளுக்கும் ஒத்துக்காம போகல. ஏழாவது வாரம் ஓடினது பொய்யில்ல, என் கண்ணால பாத்தேன். அதுக்கப்புறம் என்னமோ மாறியிருக்கு. எனக்குத்தான் புரியல.”

மந்திரி பெருமூச்சு விட்டான். அவன் பாரம் இன்னும் கொஞ்சம் என்மேல் இறங்கியது.

அண்ணி நோட்டை என் பக்கமாகத் திருப்பி, பேனாவையும் நீட்டினாள். “பதினொரு வருஷமா இவனப் பாக்கறவ நீ. டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியும். நான் எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லேன்.”