குங்குமம் வைத்த பல்பு

கள்ளக்குறிச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் ஒன்பது வருஷமாக இளமாறன் சர்க்யூட் பாடம் எடுக்கிறான். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் பிரித்து மேய்வான். கண்ணைத் திறந்துகொண்டு ஒரு ஃபியூஸ் போட்டதில்லை. இந்த ரகசியம் அவனுக்கும் லேப் அட்டெண்டருக்கும்தான் தெரியும்.

மனைவி கோகிலவாணிக்குத் தெரியாது. ஆபத்து அங்கேதான். அவள் தங்கை அபிநயாவுக்கு நிச்சயதார்த்தம். ரிஷிவந்தியம் பக்கத்தில் அப்பா வீட்டு வாசலில் பந்தல். விளக்குச் சரம் கட்ட ஆள் வேண்டாம் என்று இவளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரு கரண்டு வாத்தியாரு. அவரு பாத்துப்பாரு."

ஆறு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் கச்சிராயபாளையத்திலிருந்து வருகிறார்கள். நாலு மணிக்கு இளமாறன் நாற்பது பல்பு கோத்த சரத்தைப் பிளக்கில் சொருகினான். ஒன்றுகூட எரியவில்லை. காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அரிவாள்மணையை விட்டுத் தலையைத் தூக்கினார்கள்.

காலேஜிலிருந்து கொண்டுவந்த மல்டிமீட்டரை, நாடி பார்க்க வந்த டாக்டர் மாதிரி எடுத்தான். ஒவ்வொரு பல்பின் இரண்டு பக்கமும் முனைகளை வைத்துப் பார்த்தான். பூஜ்யம். அடுத்ததும் பூஜ்யம். பதினேழாவதில் மட்டும் 231 வோல்ட். அப்புறம் கடைசிவரை பூஜ்யம்.

"மாமா, 231 காட்டுது பாருங்க, இந்த ஒண்ணுதான் உசுரோட இருக்குது. மீதி முப்பத்தொம்போதும் அவுட்டு."

"கூண்டோடவா மாப்ள?" மாமனார் ராமசாமி கவலைப்பட்டார். "போன வாரம் கோயில்ல நல்லாத்தான் எரிஞ்சிது."

"மீட்டர் பொய் சொல்லாதுங்க மாமா."

அது உண்மை. மீட்டர் சொல்லவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடையாளத்துக்குப் பதினேழாவது பல்பின் தலையில் குங்குமம் வைத்தான். மற்றதையெல்லாம் கழற்றித் தாம்பாளத்தில் போட்டான். ராமசாமி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புதுப் பல்பு வாங்க மொபெட்டில் தியாகதுருகத்துக்குக் கிளம்பினார்.

இளமாறன் நிச்சயதார்த்தப் பத்திரிகையைத் திருப்பி வைத்துச் சரத்தைப் படமாகப் போட்டான். 230 வோல்ட்டை நாற்பது பல்பு பங்கு போட்டால் ஆளுக்கு 5.75. பிரமாதம். சரத்தில் ஓரிடம் அறுந்தால்? கரண்ட் ஓடாது, பூஜ்யம். பூஜ்யத்தை எந்த மின்தடையால் பெருக்கினாலும் பூஜ்யம். ஆக, நல்ல பல்பெல்லாம் பூஜ்யம்தான் காட்டும். மொத்த வோல்ட்டும் அறுந்த பல்பின் மேல் போய் நிற்கும்.

பேனா நின்றது.

இதை அவன் வருஷா வருஷம் இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்பவன். எழுதாத பையன்களை, 'நீயெல்லாம் எதுக்குடா இங்க வந்த' என்றும் கேட்பவன்.

அவசரமாக மாமனாருக்குப் போன் போட்டான். பந்தக்காலில் தொங்கிய அவர் பையிலிருந்து அது மணி அடித்தது.

குங்குமப் பல்பைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான். முப்பத்தொன்பதையும் திரும்பச் சொருகினான். ஒரு குழி மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டபோது ராமசாமியும் வந்து சேர்ந்தார். காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஒரே ஒரு பல்பு.

"முப்பத்தொம்போது கேட்டேனே மாமா."

அவர் மொபெட் சீட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கடையில ஒண்ணுதான் இருந்துச்சு மாப்ள. ஸ்டாக்கு இல்லியாம்."

நூறு நூறாக டப்பாவில் விற்கிற கடை அது. மாமனார் சொன்ன 231 கதையைக் கேட்டு, செத்தது அந்த ஒன்றுதான் என்று சொல்லிக் கடைக்காரர் எவ்வளவு நேரம் சிரித்திருப்பார் என்று இளமாறன் நினைத்துப் பார்த்தான், காது சூடானது. பல்பைச் சொருகினான். நாற்பதும் எரிந்தன.

"பாத்தீங்களா," ராமசாமி பந்தலைப் பார்த்துச் சொன்னார். "ஒரே பல்புல வேலைய முடிச்சிட்டாரு."

கோகிலவாணிக்குப் பெருமையில் கழுத்து நீண்டது. பிறகு அவன் காதோரம் வந்தாள்.

"இன்னாங்க, முப்பத்தொம்போதும் செத்துப்போச்சுன்னீங்க?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. மாமனார் தனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டார், ஒரு நாளைக்கு அது போதும் என்று தோன்றியது.

"எனக்குப் பாக்கத் தெரியல வாணி. செத்தது ஒண்ணுதான். அதுக்குத்தான் குங்குமம் வச்சேன்."

அவள் அவனையே பார்த்தாள். சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டாள்.

"இத வெளிய சொல்லிக்கினு திரியாதீங்க," என்றபடி அவன் சட்டைப் பையில் பரவியிருந்த குங்குமக் கறையை முந்தானையால் துடைத்தாள். வேன் கதவு திறந்தது.