நடுவில் இருந்த மணல்மேடு

என் கணவன் மஸூத் மணலைப் பார்த்துச் சிரித்தது நுவாக்ஷோத்துக்கு வந்த பிறகுதான்.

உள்நாட்டுப் பாலைவனத்தில் நாங்கள் இருந்த இடத்தில் மணல் முதலில் கிணற்றை மூடியது. பிறகு ஆட்டுப் பட்டியை. மழை இல்லாமல் ஆடுகளும் செத்தன. மணல் கூடாரத்தின் வாசலுக்கு வந்தபோது கிளம்பினோம். இங்கே அது கடற்கரையோரம் நீளமாக மேடுகட்டிக் கிடந்தது. நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. வீடு கட்டுகிறவர்களுக்கு மணல் வேண்டும். அள்ளிக்கொண்டு போனால் காசு.

"நம்மளத் துரத்துனதே இப்போ சோறு போடுது, தஃபைலா," என்றான். ஒரு கழுதையும் வண்டியும் வாங்கினான்.

மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளமான உப்பு நிலம். கம்பு நட்டுத் துணி கட்டியவனுக்கு இடம் சொந்தம். ஆனால் எப்போதும் ஆள் இருக்க வேண்டும். யஸ்லிம் என்று ஒருவன் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தபோது அவன் இடத்தில் வேறு யாரோ டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்கும் ஒரு கிளாஸ் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்து எங்களுக்கு எதிரில் கம்பு நட்டான். அப்படித்தான் அவன் எதிர்வீட்டுக்காரன் ஆனான்.

கூடாரம் போய்ச் சுவர் வந்தது. சுவரோடு ஈரமும் வந்தது. காலையில் பாயைத் தூக்கினால் அடியில் உப்பு பூத்திருக்கும். தண்ணீரைத் தேடி அலைந்தவர்கள் நாங்கள். அது தானாக எங்களைத் தேடி வந்ததில் முதலில் சந்தோஷம்தான். பிறகு எல்லோரும் செய்ததைச் செய்தோம். மேட்டிலிருந்து மணல் கொண்டுவந்து தரையை உயர்த்தினோம். மறுபடி ஈரம். மறுபடி மணல்.

மீனவர் குப்பத்துக் கும்பா தலையில் மீன் சட்டியோடு எங்கள் தெருவுக்கு வருவாள். எங்கள் ஆட்கள் அப்போது மீனைத் தொட மாட்டார்கள்.

"ஏ ஒட்டகக்காரி, வாங்கிப் பாரு. கடிக்காது, செத்துப்போச்சு."

"நாத்தம் அடிக்குது."

"உன் புருஷன் கழுதையவிடவா?"

மகள் மெய்மூனா சிரித்தாள். அன்று வாங்கினேன். அதிலிருந்து தினமும் நின்று பேசிவிட்டுப் போவாள்.

ஒரு நாள் மஸூத்தின் வண்டி மணலோடு போவதைப் பார்த்துச் சட்டியை இறக்கிவைத்தாள்.

"அந்த மேட்டுக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு தெரியுமா உன் ஆளுக்கு?"

"கடல்."

"மாமியாருடி. கதவு திறந்திருந்தா உள்ள வந்து உக்காந்துக்கும். அப்புறம் நீ எந்திரிச்சுப் போக வேண்டியதுதான்."

அவனிடம் சொன்னேன். கையைக்கூடக் கழுவாமல் சிரித்தான்.

"மணல் தீர்ந்து போச்சுன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா? இன்னைக்கு அள்ளுனா நாளைக்குக் காத்து கொண்டாந்து போடும்."

நானும் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் யாருமே கேட்டதில்லை.

அந்த வாரம் யஸ்லிம் தெருவில் ஓடிவந்தான்.

"கவர்மெண்ட்டுல நம்பர் போட வர்றாங்க! சுவத்துல நம்பர் விழுந்தா பட்டா மாதிரி. ஆள் இல்லாத வீட்டுக்குக் கிடையாது. ஈரத் தரைக்கும் கிடையாதாம்."

"யாரு சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

மறுநாள் தெருவில் ஆண்களே இல்லை, தரையை உயர்த்த மணலுக்குப் போய்விட்டார்கள். கும்பா மட்டும் வந்தாள், சட்டி இல்லாமல்.

"பௌர்ணமி வருது, கடல் ஏறும். மேக்கால காத்து வேற. எங்க மாமனாரு படகை வீட்டுக்குப் பின்னாடி இழுத்துப் போட்டுட்டாரு. அப்படி அவரு பண்ணி நான் பார்த்ததில்ல. நாங்க கிழக்க, என் தங்கச்சி வீட்டுக்குப் போறோம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு வா."

"மஸூத் வரணுமே."

"போய்க் கேளு."

மெய்மூனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மணல்மேட்டுக்குப் போனேன். எங்கள் பகுதியின் வண்டிகள் எல்லாம் அங்கே நின்றன. எல்லோரும் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் மணல் சுத்தம் என்றார்கள். மேடு என் மார்பளவுக்குக் குறைந்திருந்தது. ஏறி நின்றேன்.

மேற்கே கடல். கிழக்கே எங்கள் வீடுகள். திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடல்தான் உயரத்தில் இருந்தது.

"மஸூத், வந்து பாரு."

"வேலை கிடக்கு."

"நம்ம வாசப்படி கீழ இருக்கு. கடல் மேல இருக்கு."

யஸ்லிம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "உன் வீட்டுக்காரி மீனைத் தின்னுத் தின்னு மீன்காரி ஆயிட்டாப்பா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அலையின் நுரை மேட்டைத் தாண்டி வந்து மஸூத்தின் காலை நனைத்தது. அவன் குனிந்து அந்த மணலைத் தொட்டுப் பார்த்தான்.

"ஈர மணல் நல்லதுதான். படியும்."

"நாம போயிடலாம். கும்பா கூப்பிடுறா."

"போனா? எவனாவது வந்து உக்காந்துக்குவான்."

"அந்த ஈரத்துல எவன் வந்து உக்காருவான்?"

"எத்தனை வருஷம் தஃபைலா." குரல் தாழ்ந்துவிட்டது. "ஒரு நம்பர். அவ்வளவுதான். இன்னொரு தடவை என்னால கிளம்ப முடியாது."

நான் வண்டியிலிருந்து கழுதையை அவிழ்த்தேன். கழுதை இல்லாவிட்டால் மணல் இல்லை. மணல் இல்லாவிட்டால் வருவான் என்று நினைத்தேன். அவன் தடுக்கவில்லை. மெய்மூனாவின் தலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான். பிறகு நடந்தான், வீட்டைப் பார்த்து. காலியாக இருக்கக் கூடாதே.

கும்பாவின் தங்கை வீடு உயரமான இடத்தில் இருந்தது. தரை காய்ந்திருந்தது. மெய்மூனா உடனே தூங்கிவிட்டாள். இரண்டு நாள் மேற்கிலிருந்து காற்று நிற்காமல் அடித்தது. மூன்றாம் நாள் மதியம் யஸ்லிம் வந்து வாசலில் நின்றான்.

"நம்பர் போட்டாச்சு! சிவப்புப் பெயின்ட். உங்க வீட்டுக்குத்தான் தெருவுலயே முதல்ல. மஸூத் கழுதைய அனுப்பச் சொன்னான். தரைக்கு இன்னும் கொஞ்சம் மணல் வேணுமாம்."

"நம்பர்தான் விழுந்துருச்சே. கிளம்பி வரச் சொல்ல வேண்டியதுதானே?"

"ஆள் இல்லன்னா சுரண்டிட்டு வேற பேருக்கு மாத்திடுறாங்களாம்."

"யாரு சொன்னது?"

அவனுடைய அங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"வழியில தண்ணியா?"

"வழியில இல்ல," என்றான் யஸ்லிம். "உங்க வீட்டுக்குள்ள."

கும்பா அவனைத் தாண்டி மேற்கே பார்த்தாள். பிறகு என் மகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் கழுதையில் ஏறினேன்.

தார் ரோட்டில் வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. மெத்தை, பானை, ஆடு, கிழவர்கள். ஒன்றிலும் மணல் இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் முகத்தைத் தேடினேன். மஸூத்தைக் கேட்டேன். ஒருவன், "வாசல்ல உக்காந்திருந்தான், கூப்பிட்டேன், வரலை," என்றான். எப்போது என்று கேட்பதற்குள் போய்விட்டான்.

ரோடு சரிகிற இடத்தில் கழுதை நின்றுவிட்டது. அடித்தேன். நகரவில்லை. முன்னால் ரோட்டின் மேல் தண்ணீர் பளபளத்தது.

இறங்கி நடந்தேன்.