பழனி நடையும் பட்டாளத்துக் காலும்

பொன்னுத்துரையின் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. இடுப்பும் நேரே நிமிராது. பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்த மனிதர். அந்தக் காலும் முதுகும் பனிமலைக் காவலில் போனவை என்பது குஜிலியம்பாறையில் அவருடைய தெருவுக்கே தெரியும். ராணுவத்துக்கு மட்டும் தெரியவில்லை. ‘ஊனம் பணியால் ஏற்பட்டதல்ல’ என்று எழுதி, ஊன ஓய்வூதிய மனுவை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் அவர் மனைவி பொன்னழகு வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். “எந்தக் கட்டையில போறவன் எழுதுனது?” காகிதம் முழுக்க இங்கிலீஷ். என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால், “ரெக்கார்டு இல்லையாம்” என்பார் அவர். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இனி பாக்கி இருந்தது தீர்ப்பாயம் ஒன்றுதான். அதற்கு மனு எழுதித் தருகிறவர் அந்தோணிமுத்து. பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் மேஜை போட்டிருந்தார். பொன்னுத்துரை தனியாகப் போய் வரத்தான் பார்த்தார். பொன்னழகு விடவில்லை. இந்த வாயில்லாப்பூச்சியை நம்பி நாலாம் முறையும் கோட்டை விட அவள் தயாராக இல்லை.

அந்தோணிமுத்து பழைய காகிதங்களைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“வினையே இங்ஙனதான் இருக்கு. பட்டாளத்து டாக்டர் எழுதியிருக்காரு. ‘லீவில் இருந்தபோது பழனி கோயிலுக்கு வெறுங்காலுடன் நடந்து போனதில் கால் வலியும் முதுகு வலியும் தொடங்கியதாக இவரே சொன்னார்.’ லீவுல சாமி கும்பிடப் போயி வந்த நோவுக்கு நாங்க எப்பிடிப் பொறுப்புன்னு கேக்குறான்.”

பொன்னழகுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்த நடை அவளுடைய வேண்டுதல்.

இருபது வருடத்துக்கு முந்திய தைப்பூசம் அது. கல்யாணமான ஏழாம் மாதம் அவர் பனிமலைக்குப் போனார். இரண்டு மாதம் கடிதமும் இல்லை, போனும் இல்லை. ‘உசுரோட அனுப்பு முருகா, வெறுங்காலோட உன் மலைக்கு நடக்க வைக்கிறேன்’ என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். தான் நடப்பதாக வேண்டியிருக்கலாம், பாவி. அவரை நடக்க வைப்பதாக வேண்டிவிட்டாள். அவர் லீவில் வந்து இறங்கிய நாலாம் நாள் இருவரும் கிளம்பினார்கள். மூன்று நாள் நடை. பச்சைச் சேலை கட்டி அவள் கூட்டத்தோடு முன்னால் போக, அவர் விந்தி விந்திப் பின்னால் வந்தார். ஒட்டன்சத்திரம் தாண்டியதும், “பட்டாளத்துக்காரரு வாராரு, வழி விடுங்க!” என்று கேலி பேசிக் கூட்டத்தையே சிரிக்க வைத்தவளும் அவள்தான். லீவு முடிந்து திரும்பிய பிறகுதான் ராணுவ ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள்.

“ஏங்க டாக்டர்கிட்ட இப்பிடிச் சொன்னீக?”

“எப்ப இருந்து நடக்க முடியலன்னு கேட்டாரு. பழனி நடையில இருந்துன்னேன்.”

“அதுக்கு முன்னாடி பனியில விரலு கருகுனது? மூட்டையோட விழுந்தது?”

“அத அவரு கேக்கல.”

“எங்கிட்டயாச்சும் அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ வேண்டிக்கிட்ட நடை. முடியாதுன்னு எப்பிடிச் சொல்ல?”

அந்தோணிமுத்து செருமினார். “நடைக்கு முன்னாடியே காலு கெட்டுருந்துச்சுன்னு சாட்சி ஒண்ணு இருந்தா கேஸ் நிக்கும். யாராச்சும் பாத்தாங்களா?”

“யாரும் பாக்கல,” என்றார் பொன்னுத்துரை.

அவர் இவ்வளவு வேகமாகப் பதில் சொல்லிப் பொன்னழகு கேட்டதில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது.

“நான் பாத்தேண்ணே.”

“விடு பொன்னழகு. பென்ஷனும் வேணாம், ஒண்ணும் வேணாம். வா போவோம்.”

“எழுதுங்கண்ணே. கிளம்புறதுக்கு முத நாளு. விரலெல்லாம் கன்னங்கரேல்னு இருந்துச்சு. சாக்ஸ் சாயம் ஒட்டிருச்சுன்னாரு. சாமிக்கு நடக்குற காலு அழுக்கா இருக்கக் கூடாதேன்னு தேங்கா நார வச்சுத் தேச்சேன். அம்புட்டு நேரம் தேச்சேன், போகவேயில்ல.”

அந்தோணிமுத்துவின் பேனா நின்றது. “தேச்சத விட்டுருவோம் தங்கச்சி. கருப்பா இருந்ததப் பாத்தேன்னு போட்டாப் போதும்.”

“இல்லண்ணே, எல்லாத்தையும் போடுங்க.” கணவன் பக்கம் திரும்பினாள். “வலிச்சுச்சா?”

பொன்னுத்துரை தரையைப் பார்த்தார். “இல்ல. அந்த விரல்ல உணர்ச்சியே இல்ல. நீ தேய்க்கிறது கண்ணுக்குத்தான் தெரிஞ்சுச்சு.”

அந்தோணிமுத்து அதையும் எழுதினார். இத்தனை வருடம் தேடிய சாட்சி வீட்டுக்குள்ளேயே சோறு பொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. கருகிய காலைத்தான் தேய்த்து நடக்க வைத்தோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த மனிதர் மூன்று மனுவையும் தோற்க விட்டிருக்கிறார். பொன்னழகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் குஜிலியம்பாறை வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. எப்போதும் அவள்தான் முன்னால் ஓடிச் சீட்டுப் பிடிப்பாள்.

“ஓடு, இடம் போயிரும்,” என்றார் பொன்னுத்துரை.

“போனாப் போகட்டும். நீங்க மெதுவா நடங்க, நான் பின்னாலயே வாரேன்.”

வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.