சுவருக்குள் பென்சில் எழுத்து

டிசம்பர் இரண்டாம் வாரம், லவோன் மில்லரின் டிரெய்லர் வீட்டில் படுக்கையோரச் சுவர் உப்பிக்கொண்டு வந்தது. டிரெய்லர் தொழிற்சாலைகள் நிறைந்த கோஷனில் அவற்றைப் பழுது பார்ப்பது என் தொழில். கூப்பிட்டார், போனேன்.

அந்த அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. தம்பி டெல்மாரோடு பொதுவில் இருந்த பெற்றோர் வீட்டைக் கோடையில் விற்றுவிட்டு, பிக்கப் லாரியின் முதுகில் மாட்டி இழுக்கும் இந்த டிரெய்லருக்குக் குடிவந்தவர். வேறு வீடு கிடையாது.

வாங்கும்போது கடையில் அக்காவும் தம்பியும் இரண்டு டிரெய்லர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று பதினாலாயிரம் பவுண்டு எடை: தடித்த சுவர், நெருக்கமான சட்டங்கள், குளிர் படாமல் மூடிய குழாய்கள். மற்றது எட்டாயிரம். "பெருசு வீண் சுமைக்கா. குளிருக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றானாம் டெல்மார். அதை நம்பிச் சின்னதை வாங்கிவிட்டார். அவன் இருபது வருடமாக டிரெய்லர் தொழிற்சாலையில் சுவர்ச் சட்டம் அடிப்பவன்.

பலகையைக் கழற்றினேன். சட்டங்கள் இரண்டடிக்கு ஒன்றுதான். குளிர் தடுக்கும் பஞ்சு பாதி உயரத்தில் நின்றுவிட்டது. மேலே வெறும் தகடு, அதில் பனி. மூடப்போகும் சுவருக்குள் பெயர் எழுதிவைப்பது எங்கள் ஊர்த் தொழிலாளிகளின் வழக்கம். ஒரு சட்டத்தில் பென்சிலால் 'டெல்மார் எம்., ஏப்ரல்' என்றிருந்தது.

லவோன் குனிந்து அதைப் படித்தார். "பெரிய டிரெய்லர்லதான் வேலைனு சொன்னானே."

போன் செய்தார். ஷிப்ட் முடிந்து மதியமே டெல்மார் வந்தான்.

"இந்தச் சுவர் எந்த மாசக் குளிர் வரைக்கும் தாங்கும்டா?"

அவன் தன் பெயரைப் பார்த்தான். "அக்டோபர்."

"கடையில நிக்கும்போதே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"பெருசு வாங்குனா பிக்கப்பையும் மாத்தணும். கட்டுப்படியாகாதுன்னு நீ அந்த வீட்டுலயே உக்காந்திருப்ப. என் பங்கு கைக்கு வராம எனக்குன்னு ஒரு வீடு எப்படிக்கா வாங்குறது?"

"வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டா வித்திருப்பியா?"

"மாட்டேன். சண்டை போட்டிருப்போம். அது இதைவிடத் தேவலை."

"நாளைக்கு ரெண்டு ஹீட்டர் கொண்டுவரேன்."

"கொண்டா. உனக்குத்தான் ஆகும்." கோட்டை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். "உன் வீட்டுச் சாவியக் குடு. குளிர் போற மார்ச் வரைக்கும் நீ இங்க படு."

டெல்மார் என்னைப் பார்த்தான். நான் திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வளையத்திலிருந்து சாவியைக் கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது.

"பலகையை மாட்டிடவா?" என்று லவோனிடம் கேட்டேன்.

"அவனைக் கேளுங்க" என்று சொல்லிப் படியிறங்கினார்.