வலது பக்கம் சத்தம் வரவில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மோட்டார் சைக்கிள் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னால் உட்கார்ந்து போவதற்கே பயம். ஓட்டுகிறவரின் சட்டையைப் பிடித்து இழுத்தே கிழித்த பெருமை எனக்கு உண்டு. அன்று மழைக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான்.

உள்ளே ஒரு கணவனும் மனைவியும் பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டும் பையில் எதை வாங்குவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் குரலில் பேரம் இல்லை, பயம் இருந்தது. பயந்தவர்களை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும், நானும் அந்தக் கட்சிதானே. மழை விட்டதும் ஒரு பையோடு கிளம்பிப் போனார்கள். எந்தப் பை என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தொடக்க வரியைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

“மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தபோது அவன் —”

வேண்டாம். மேகத்தில் தொடங்கும் கதைகளில் யாராவது செத்துப்போகிறார்கள்.

“போன் மறுபடியும் —”

இதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

“அவளுக்கு எலும்புகளைத் தெரியும்.”

இது இருக்கட்டும்.

2

அவளுக்கு எலும்புகளைத் தெரியும். எலும்பு முறிவு மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. வண்டியில் விழுந்தவர்களின் காறை எலும்பும் மணிக்கட்டும் தினமும் அவள் திரையில் வெள்ளையாக வந்து நிற்கும்.

அவள் கணவன் செல்போன் கோபுரங்களைப் பழுதுபார்ப்பவன். ஆளும் நெட்டை என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் அவனை ‘டவர்’ என்றே கூப்பிடுவார்கள். தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடுகிற உயரமான வண்டி வைத்திருந்தான். பின்சீட்டில் கேபிள் சுருளும் கருவிப் பெட்டியும் போய்விடும். சிக்னல் பார்க்கும் மீட்டர் குழந்தை மாதிரி; குலுங்கக் கூடாது. அதற்காகத்தான் டேங்க் பை.

கடைக்காரர் ஒரு பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்ற வண்டிக்கே வந்தார். “இது காந்தம் சார். வச்சா ஒட்டிக்கும், இழுத்தா வந்துரும்.”

வைத்தார். பை வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது.

“மேல இருக்கறது பிளாஸ்டிக் மூடிங்க” என்றான் டவர் சிரித்துக்கொண்டே. “காந்தம் எதைப் பிடிக்கும்?”

கடைக்காரர் அசரவில்லை. “அதான் சொல்ல வந்தேன். உங்களுக்கு வார் வச்சதுதான் சரி.”

வார் வைத்ததில் இரண்டு இருந்தன, சின்னதும் பெரியதும். டவர் சின்னதை மாட்டி, வண்டியின் கால்மிதிகளில் ஏறி நின்று பார்த்தான். “இது போதும். மண்ணுல எழுந்து நின்னு ஓட்டணும். பெரிசா இருந்தா வயித்துல இடிக்கும்.”

“மீட்டர் மட்டும் போட்டா ஆச்சா? முதலுதவிப் பெட்டியை எங்க வைப்பீங்க? மழைக்கோட்டு? டார்ச்சு?”

“நான் என்ன அங்க குடித்தனமா பண்ணப்போறேன்? டவர்ல ஏறி இறங்கி வரப்போறேன்.”

“விழுந்தா கட்டுப் போட ஒரு துணியாவது வேணாமா?”

“விழறதுக்கு முன்னாடியே கட்டா?” கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. டவர் குரலைத் தணித்தான். “மடியில கனமிருந்தா வழியில பயம்னு சொல்வாங்க. நீ வழிக்குப் பயந்துட்டு மடியில கனத்தை ஏத்துற.”

“பெரிசையே வாங்குங்க. எனக்காக.”

எனக்காக என்று சொன்ன பிறகு எந்தப் புருஷன் மேலே பேசுவான்? சின்னப் பை மறுபடி கடைச் சுவரின் கொக்கிக்குப் போனது.*

* வாசகரே, இந்தக் கொக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரதியில் அவர்கள் சின்னப் பையைத்தான் வாங்கினார்கள். வீட்டுக்குப் போனார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைக் கதை என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? அதனால் பெரிய பையை வாங்க வைத்தேன். அவள் “எனக்காக” என்று சொன்னது உண்மையில் எனக்காக.

3

இந்த இடத்தில் அவள் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு பயப்படுகிற பெண்ணை நம்புவார்களா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தள்ளிவிட மாட்டார்களா?

அதனால் அவளுடைய வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அடிபட்டு வருகிறவர்களிடம் கூட வந்தவர்கள் எப்போதும் ஒன்றைக் கேட்பார்கள்: “பார்த்து ஓட்டியிருக்கக் கூடாதா?” படுத்திருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்: “பார்த்துதான் ஓட்டினேன்.” எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். பார்த்து ஓட்டாதவன் விழுந்தால் அவளுக்குப் பயமில்லை. டவர் பார்த்து ஓட்டுகிறவன்.

பயத்தை மட்டும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது என் கட்சி. பயம் எப்போதும் பெரியதாகப் பார்த்துத்தான் எடுக்கும். அதற்கு அளவு பார்க்கத் தெரியாது. (இந்த வரியில் கொஞ்சம் உபதேசம் அடிக்கிறது. அடித்துவிடலாம் என்றிருந்தேன். என்னைப் பற்றியது என்பதால் விட்டுவைக்கிறேன்.)

4

சாயங்காலம் வீட்டு வாசலில் பையைக் கட்டினார்கள். அவளே சாமான்களை அடுக்கினாள். மீட்டர் நடுவில். மழைக்கோட்டு இடது பக்கப் பையறையில். முதலுதவிப் பெட்டி வலது பக்கத்தில். பெட்டி கெட்டியான பிளாஸ்டிக். பையறை புடைத்துக்கொண்டு நின்றது.

“ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்க, இடிக்குதான்னு.”

சாவியைப் போட்டு, ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்தான். பாம் என்று ஹாரன் அலறியது. இருவரும் துள்ளிவிட்டார்கள். எதிர்வீட்டு நாய் குரைத்தது. மழைக்கோட்டு புடைத்து ஹாரன் பொத்தானை அமுக்கியிருந்தது. அவளே சிரித்துவிட்டாள்.

“இடப்பக்கம் திரும்பினா ஊருக்கே தெரியும்” என்று மழைக்கோட்டை அமுக்கிவிட்டான்.

“வலது பக்கம்?”

முழுக்க ஒடித்தான். சத்தம் வரவில்லை.

“இன்னொரு தடவை.”

இன்னொரு தடவையும் வரவில்லை. “வலது பக்கம் ஒண்ணுமில்ல. போதுமா, டாக்டரம்மா?” சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அன்றைக்கு அவள் நன்றாகத் தூங்கினாள். எழுதும்போது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

5

காலையில் கிளம்பும்போது ஒரு சின்ன வேடிக்கை வேண்டும் என்று நினைத்தேன். வண்டி மக்கர் பண்ணட்டும். ஆனால் பெரிய கோளாறாக இருக்கக் கூடாது, அவன் போயாக வேண்டும். எங்கள் தெரு மெக்கானிக்கிடம் போய், ஸ்டார்ட் ஆகாத வண்டி சட்டென்று ஸ்டார்ட் ஆக ஒரு காரணம் கேட்டேன்.

“சிவப்பு சுவிட்சுதான்” என்றார். “வலது கைப்பிடி பக்கத்துல இருக்கும். அமுக்கினா எஞ்சின் நின்னுடும். அது ஆஃப்ல இருக்கறதைப் பார்க்காம பேட்டரி போச்சு, பிளக் போச்சுன்னு தள்ளிக்கிட்டே வருவாங்க. நல்லா ஓட்டறவங்களே ஏமாறுவாங்க.”

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து எழுதினேன்:

மலைமேல் இருந்த கோபுரம் ஒன்று செத்துக் கிடந்தது. அந்தப் பக்கம் முழுக்க யாருக்கும் போன் இல்லை.

“போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க” என்றாள்.

“டவரே படுத்துக் கிடக்கு. நான் சரி பண்ணினாத்தான் எனக்கே மணி அடிக்கும். அடிச்சா போய்ச் சேர்ந்துட்டேன்னு அர்த்தம்.”

வண்டியில் ஏறிப் பொத்தானை அமுக்கினான். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினான். போகாமல் இருந்தால் நல்லதுதான் என்று அவள் மனசுக்குள் ஒரு நப்பாசை. டவர் கைப்பிடியைப் பார்த்தான். “அட, சிவப்பு சுவிட்சு ஆஃப்ல இருக்கு. நானே அமுக்கிட்டு மறந்துட்டேன் போல.” கட்டைவிரலால் தட்டினான். வண்டி உறுமியது. கையை ஆட்டிவிட்டுப் போனான்.

எழுதி முடித்துத் திரும்பப் படித்தேன். நாலாம் பகுதியில் அவன் சாவியைத் திருப்பித்தான் வண்டியை அணைக்கிறான். எப்போதும் அப்படித்தான். அப்படியென்றால் சுவிட்சை அமுக்கியது யார்?

மறுபடியும் மெக்கானிக்கிடம் ஓடினேன்.

“வலது பக்கம் முழுசா ஒடிச்சா, புடைச்ச பை அந்த சுவிட்சை அமுக்குமா?”

“தாராளமா. ஹாரன்னா கத்தும். இது கத்தாது, எஞ்சின் ஓடலைன்னா அமுங்கினதே தெரியாது.”

“ஓடறப்ப?”

“நேரா போனா ஒண்ணுமில்ல. கொண்டை ஊசி வளைவுல மெதுவா, முழுசா ஒடிப்பாங்க பாருங்க, அப்பத்தான். வண்டியை நிமித்தி இழுக்கறதே எஞ்சின்தான். நடு வளைவுல நின்னா மாடு படுக்கற மாதிரி சாயும். கால் ஊன்ற பக்கம் தரை இருந்தா தப்பிச்சான்.”

“பள்ளம் இருந்தா?”

துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கதைதானே எழுதறீங்க?”

6

அவளுக்கு இது எப்படித் தெரிய வரும்? நான் சொல்லப்போவதில்லை என்றுதான் முடிவு செய்திருந்தேன். தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவள் வேலை அப்படி விடவில்லை.

எக்ஸ்ரே எடுக்கும்போது படத்தின் ஓரத்தில் இடது, வலது என்று காட்ட ஈயத்தில் செய்த சின்னக் குறி வைப்பார்கள். அது இல்லாமல் அவள் படமே எடுக்க மாட்டாள். சந்தேகம் வந்தால் அடிபடாத பக்கத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அன்று மணிக்கட்டு வீங்கிய ஒரு தையல்காரர் வந்திருந்தார்.

“ரெண்டு கையையும் எடுக்கணும்” என்றாள்.

“வலது கையில வலியே இல்லையேம்மா.”

“வலி இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தமில்லைங்க. சத்தம் போடாமலும் —”

வலதுக்கான ஈயக் குறியை விரலில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இடது பக்கம் கத்தியது. வலது பக்கம் கத்தவில்லை. கத்துவதற்கு அங்கே என்ன இருக்கிறது? காலையில் அவன் கட்டைவிரல் தட்டிய இடம் கண்முன் வந்தது. அதன் பக்கத்தில் புடைத்துக்கொண்டிருந்த பையறையும் வந்தது. அதற்குள் இருந்த பெட்டி அவள் வைத்தது. கெட்டியாக இருக்கட்டும் என்று அவளே தேடி வாங்கியது.

“என்னம்மா, எலும்பு உடைஞ்சிருக்கா?” என்றார் தையல்காரர் பயந்துபோய்.

அவள் பக்கத்து அறைக்குப் போய் போனை எடுத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது போன். மறுபடி அழுத்தினாள். அதையே சொன்னது. மலைப்பாதையில் வலது பக்கக் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை என்று அவளுக்குத் தெரியாது. டவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் பயமாக இருக்கும் என்று விட்டுவிட்டிருந்தாள்.

“சின்னதே போதும்னு சொன்னாரே” என்றாள் சுவரைப் பார்த்து. “அவர் சொன்னாரே.”

7

அவனைக் காப்பாற்ற நான் என்னென்ன செய்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

நின்று ஓட்டும்போது பை வயிற்றில் இடிக்கிறது. எரிச்சலில் வண்டியை நிறுத்தி, முதலுதவிப் பெட்டியை எடுத்துப் பின்னால் கட்டிக்கொள்கிறான். நடக்கக்கூடியதுதான். ஆனால் அவன் அப்படிச் செய்ய மாட்டான். அது அவள் வைத்த பெட்டி. “எனக்காக” என்று அவளைச் சொல்ல வைத்தவனே நான்தானே.

முதல் வளைவிலேயே எஞ்சின் நிற்கிறது. அங்கே தரை இருக்கிறது. முட்டி சிராய்த்ததோடு சரி. அந்தப் பெட்டியைத் திறந்தே கட்டுப் போட்டுக்கொள்கிறான். இதை எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. அழகாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை.

இன்னொன்றும் எழுதினேன். “வளைவில் வண்டி சாய்ந்தபோது அவன் வலது கால் தரையைத் தேடி —”

அதோடு நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகாது. முடிக்காத வாக்கியத்தில் அவன் கால் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறது என்பதும் தெரிகிறது. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. எழுதாதவரை அவன் விழவில்லை. எழுதாதவரை போய்ச் சேரவும் இல்லை.

இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பையை மாற்றிவிடலாமே என்பீர்கள். போனேன். சின்னப் பை இன்னும் அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது. மாற்றவும் மாற்றினேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். உங்கள் மனசில் அவன் பெரிய பையோடு மலை ஏறிக்கொண்டிருக்கிறான். அங்கே என் கை எட்டாது, உங்கள் கை எட்டும்.

எட்டினால் ஒன்று செய்யுங்கள். கடைவாசலில் அவன் சின்னப் பையை மாட்டிக் கால்மிதியில் ஏறி நிற்கும்போது, அவள் காதருகே போய் “அவர் சொல்றது சரிதாம்மா” என்று மெல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் என் குரலில் இருக்கும் நடுக்கம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதற்கு நேரம் கடந்துவிட்டதென்றால், இங்கே வாருங்கள். எக்ஸ்ரே அறையின் கதவு சாத்தியிருக்கிறது. தையல்காரர் ஈரத்துணி சுற்றிய கையோடு வெளி பெஞ்சில் காத்திருக்கிறார். அவள் போனைக் காதில் வைத்திருக்கிறாள். மறுபடி அழுத்திவிட்டாள். இந்தத் தடவை அந்தப் பதிவுக் குரல் இன்னும் பேசத் தொடங்கவில்லை. மணி போகிறதா என்று நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். எனக்குக் கேட்கப் பயமாக இருக்கிறது.